சட்டத்தரணியும் அவர்தம் கடமையும்



பாடசாலை அதிபர் ஒருவர் சட்டத்தரணிகளின் கடமையைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். யான் சட்டம் பயின்றவனல்லன். தமிழும் வரலாறும் கற்றுக் கலைமாணிப் பட்டம் பெற்றவன். ஆயினும் என்னிடம் பயின்ற மாணவர் சிலர் இன்று கறுப்பங்கி அணிந்து மன்றுகளில் வாதாடுகின்றனர். யானும் சாட்சிக் கூட்டிலே நின்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போலவே எங்கள் குடும்பமும் ஒரு கிணற்றுப் பங்குக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி இறங்கியது. நோயாளி ஒருவனுக்கு வைத்தியத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டெனின், வழக்காடிக் களைத்த குடும்பத்திற் பிறந்த எனக்கும் இப்பொருள் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு என்றே எண்ணுகின்றேன்.

எம் பாட்டனார் காலத்து மக்கள் 'அப்புக்காத்து' என்றும் 'பிரக்கிராசி' என்றும் இருவகைப் பெயர் வழங்கினர். மன்றிலே எழுந்து வாதிடுபவர் முன்னவர். கட்சிக்காரரிடம் விபரம் கேட்டு வழக்கை ஆயத்தஞ் செய்பவர் பின்னவர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இவ்விரு பிரிவினரையும் ஒன்றாக்கியது. அதன்பின் எல்லாரும் சட்டத்தரணிகளே. பெயர் மாறிற்று, ஊரார் மனத்திலே அத்தொழிலைப் பற்றி இருந்த ஐயம் மாறவில்லை. 'பொய்யை மெய்யாக்குபவர்' என்று திண்ணையிற் சொல்வோர், தமக்கு ஒரு வழக்கு வந்தவுடன், அவ்வித்தையில் வல்லவர் யாரென்றே முதலில் விசாரிக்கின்றனர். இதனை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உயர்தர வகுப்பு மாணவர் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "குற்றஞ் செய்தவன் என்று தெரிந்தும் ஒருவனுக்காக வாதாடலாமா, ஐயா?" என்பதே அது. இவ்வினாவிற்கு விடை தேடுவோர் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் இங்கிலாந்து வழக்கைக் கருதிப் பார்த்தல் நலம்.

1840 ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டன் மாநகரிலே, வில்லியம் றசல் பிரபு என்னும் முதியவர் தம் படுக்கையிற் கழுத்தறுபட்டு இறந்து கிடந்தார். அவருடைய பணியாள், சுவிற்சர்லாந்து தேசத்தவனான கூர்வாசியே என்பவன், கைதுசெய்யப்பட்டான். அவனுக்காக வாதாட அமர்த்தப்பட்டவர் சார்ள்ஸ் பிலிப்ஸ். அயர்லாந்திற் பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர். ஜூன் மாதத்தில் விசாரணை தொடங்கியது. முதல் நாள் முடிவிற்கூட அரசதரப்புச் சான்று உறுதியுடையதாய்த் தோன்றவில்லை. அதன்பின், பிரபுவின் வீட்டிலிருந்து காணாமற்போன வெள்ளிப் பொருள்களை அப்பணியாள் தன்னிடம் ஒப்படைத்துச் சென்றான் என்று, விடுதி நடத்தும் ஒரு பெண்மணி வெளிப்பட்டுக் கூறினார். அன்று காலை, மன்று கூடுமுன்னரே, கூர்வாசியே தன் வழக்கறிஞரை அழைத்துக் கொலை செய்தவன் தானே என்று ஒப்புக்கொண்டான். அப்படியாயின் குற்றத்தை ஏற்றுக்கொள்ளப் போகிறாயா என்று வினவ, இல்லை, நீர் என்னை இறுதிவரை காக்கவேண்டும் என்றான்.

அந்த நேரத்தில் பிலிப்ஸின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வழக்கைக் கைவிட்டு எழுந்து போனால், அதுவே குற்றவாளிக்கு எதிரான சாட்சியாகிவிடும்; ஜூரிமார் அனைவரும் பொருளறிந்துகொள்வர். தொடர்ந்து வாதாடினால், தாம் அறிந்த உண்மைக்கு மாறாக நாவசைக்க வேண்டும். முதலில் விலகிவிடவே அவர் எண்ணினார். பின்பு, அவ்விசாரணையில் ஆசனத்தில் அமர்ந்திருந்த பார்க் என்னும் நீதிபதியிடம் ஆலோசனை கேட்டார். கட்சிக்காரன் வேண்டுவதால் வாதாடியே ஆகவேண்டும், சான்றிலிருந்து நேர்மையாய் எழும் வாதங்கள் யாவற்றையும் பயன்படுத்தலாம் என்பதே அந்நீதிபதி சொன்ன கருத்து. பிலிப்ஸ் தொடர்ந்தார். கூர்வாசியே குற்றவாளியெனக் காணப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 6 ஆந் திகதி பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டான்.

வழக்கு அத்துடன் முடிந்தது. பிலிப்ஸின் துன்பம் முடியவில்லை. உண்மை அறிந்தபின்னும் வீட்டுப் பணிப்பெண்கள்மீது ஐயம் விழும்படி பேசினார் என்றும், சாட்சி கூறிய விடுதிப் பெண்மணியை இழிவுபடுத்தினார் என்றும், கடவுளைச் சாட்சிக்கழைத்து அவனது நிரபராதித்தன்மையைத் தாம் நம்புவதாய்க் காட்டினார் என்றும் பத்திரிகைகள் தாக்கின. அவர் இவற்றை மறுத்தார். 1849 இல் இவ்விவாதம் மீண்டும் கிளம்பியது.

எனக்கு இவ்வழக்கிலே தோன்றுவது இது. வாதாடியதற்காகப் பிலிப்ஸைக் குறைகூற இடமில்லை. அரசு தன் குற்றச்சாட்டை நிரூபித்துக் காட்டட்டும் என்று நிற்பதும், சான்றில் ஓட்டையிருப்பின் அதனைச் சுட்டுவதும் எக்கட்சிக்காரனுக்கும் உரியவை. தீர்ப்பளிப்பது நீதிபதியின் கடன். சட்டத்தரணி தம் அறையிலிருந்தே தீர்ப்புக் கூறிவிடுவாராயின், மன்று எதற்கு? ஆனால் நிரபராதியான ஒரு பணிப்பெண்மீது கொலைப்பழி சாயும்படி, அது பொய்யென்று அறிந்துகொண்டே, ஒரு சொல்லேனும் பேசினாரெனின், அது வேறு. அவ்விடத்திலே கோடு ஒன்று உண்டு. இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. வழக்கை விசாரிக்கும் ஆசனத்திலிருந்த ஒருவரிடமே கட்சிக்காரனின் ஒப்புதலைச் சொன்னாரே, அது சரியா? இதனைப் பலர் கவனிப்பதில்லை. பணிப்பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டினும் இதுவே பெரிதென்று யான் கருதுவதுண்டு.

நம் நாட்டின் 1988 ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகள் சட்டத்தரணிகளின் ஒழுக்கத்தையும் நடத்தையையும் வரையறுக்கின்றன. கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கவேண்டும். மன்றைத் தவறான வழியில் இட்டுச் செல்லலாகாது, கட்சிக்காரர் அவ்வாறு செய்ய இடமளிக்கவுங் கூடாது. ஏற்ற வழக்கை ஊக்கத்தோடும் கவனத்தோடும் நடத்தவேண்டும் என்பன அவற்றின் சாரம். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே எளியவை. இவை ஒன்றோடொன்று மோதும்போதுதான் மனிதன் சோதிக்கப்படுகிறான்.

தமிழிலக்கியத்தில் வழக்காடும் காட்சிகள் பல உண்டு. கண்ணகி பாண்டியன் அவையிலே தன் வழக்கைத் தானே உரைத்தாள். அவளுக்குச் சட்டத்தரணி எவருமில்லை, சிலம்பே சான்றாயிற்று. எனினும் சட்டத்தரணிகள் அனைவரும் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய இடம் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் என்பேன். மணப்பந்தலுக்கு வந்த முதிய அந்தணர், சுந்தரர் தமக்கு அடிமையென்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்து விடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவை முன்னிலையில் முதியவர், கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் உளது என்கிறார். அவையத்தார் பாட்டனாரின் கையெழுத்தை வேறொரு சுவடியோடு ஒத்துப் பார்த்தே தீர்ப்பளிக்கின்றனர். ஆவணத்தை அழித்தல், படியும் மூலமும், கையெழுத்து ஒப்பீடு ஆகிய மூன்றும் அச்சிறு கதையுள் அடங்கிக் கிடக்கின்றன. எதிர்த்தரப்பு ஓலையைக் கிழிப்பவனுக்கு வென்ற மகிழ்ச்சி எத்துணை நேரம் நிலைக்குமென்பதும் அங்கே உண்டு!

இனி என் அனுபவம். ஒரு வழக்கிலே பிள்ளையொன்றின் வயதை நிரூபிக்கும் பொருட்டு, பாடசாலைச் சேர்விடாப்பைக் கொண்டுவருமாறு எனக்கு அழைப்பாணை வந்தது. கடதாசியில் உறையிட்டு இடாப்பைக் கொண்டு சென்றேன். குறுக்கு விசாரணைக்கு எழுந்த சட்டத்தரணி, பிறந்த திகதி எழுதப்பட்ட மையின் நிறம் சற்று வேறுபட்டிருப்பதைக் காட்டி, "பெற்றோரிடம் என்ன வாங்கிக்கொண்டு இதனைத் திருத்தினீர்?" என்றார். மன்றிலே என் பழைய மாணவர் இருவர் அமர்ந்திருந்தனர். இருபத்தெட்டு ஆண்டுச் சேவையில் அத்தகைய சொல்லை யான் கேட்டதில்லை. என் கால்கள் நடுங்கின. உண்மையில் அந்த இடாப்பு எனக்கு முன்னிருந்த அதிபர் காலத்தில் எழுதப்பட்டது. என் கையெழுத்தே அதில் இல்லை. அதனை யான் சொல்லி முடித்ததும், அவர் புன்னகையோடு அமர்ந்துவிட்டார். மன்னிப்போ வருத்தமோ இல்லை.

வீடு திரும்பியபின், 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். அதன் 149 ஆம் பிரிவு என் நெஞ்சிற்கு மருந்தாயிற்று. சாட்சியின் நல்லொழுக்கத்தைப் பழிக்கும் வினாவை, அப்பழி மெய்யென்று நம்புதற்கு நியாயமான ஆதாரம் இருந்தாலன்றிக் கேட்டலாகாது என்கிறது அப்பிரிவு. ஒன்றுமே அறியப்படாத சாட்சியை நோக்கி எழுந்தமானமாகப் பழிவினா வீசுதல் முறையன்று என்பதற்கு உதாரணமும் அங்கே தரப்பட்டுள்ளது. சட்டம் இதனை அறிந்தே இருக்கிறது. அச்சட்டத்தரணியும் அறிந்திருப்பார். மையின் நிறம் பற்றி அவர் கேட்டது முறையே; கட்சிக்காரருக்காக அதனைக் கேட்காது விட்டிருந்தாற்றான் பிழை. 'என்ன வாங்கிக்கொண்டு' என்ற சொற்கள் மாத்திரமே மிகை. அச்சொற்களுக்கு அவரிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

பணத்தைப் பற்றி விரிவாகப் பேச விரும்பவில்லை. கட்சிக்காரருக்காகப் பெற்ற பணம் கட்சிக்காரருடையதே என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தவணைக்குத் தவணை கட்டணம் வாங்கிவிட்டு, அன்று வேறொரு மன்றிலே நின்றுகொண்டு தவணை மாற்றிக் கேட்பதும் ஒருவகைக் களவுதான். எங்கள் கிணற்றுப் பங்கு வழக்கிலே அத்தகைய தவணைகள் பலவற்றை என் தந்தையார் ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருந்தார். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அவ்வாண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டமோ, வஞ்சனையோ தொழின்முறைகேடோ குற்றமோ புரிந்த சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயர்ப்பட்டியலினின்று நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்துள்ளது. சத்தியக்கடதாசியோடு முறையிட்டால் விசாரணை நடைபெறும். நம் கிராமத்தவர் பலர் இதனை அறியார்; அறிந்தாலும் இன்னொரு சட்டத்தரணியிடம் போய்த்தானே முறைப்பாட்டை எழுதுவிக்கவேண்டும் என்று சோர்ந்து விடுவர்.

இப்பேச்சை எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். சட்டத்தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரோ பெயரோ எதுவும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. "ஓர் அண்ணன், ஒரு தம்பி, ஒரு தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐயா," என்று தொடங்கினார்.

தாயார் தம் காணியை, கிணறும் வழிவாய்க்காலும் உட்பட, மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்காக நன்கொடை உறுதி எழுதியிருந்தார். போர்க்காலத்தில் தங்கை கடல்கடந்து சென்றாள். உறுதிப் பிரதி இடம்பெயர்வில் அழிந்தது. இப்போது அண்ணன் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்க விரும்பினார். தங்கையின் பெயரைச் சேர்க்காமல், தானும் தம்பியும் மாத்திரமே உரித்தாளர் என்று. "அவளிடம் கடதாசியில்லை. அந்தக் காலத்துப் பதிவேட்டை எவர் போய்ப் புரட்டப் போகிறார்?" என்று சட்டத்தரணியிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

நேயர்களே, பாகப்பிரிவினை வழக்கு ஏனைய வழக்குகளைப் போன்றதன்று. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 48 ஆம் பிரிவின்படி, சில விலக்குகள் நீங்கலாக, அவ்வழக்கின் தீர்ப்பாணை உலகத்தார் அனைவரையுங் கட்டுப்படுத்தும். வழக்கிற் சேர்க்கப்படாதவரின் உரிமையும் அதனால் அழிந்துபோகும். பின்னர் நட்டஈடு கோரலாமேயன்றிக் காணியைப் பெறுதல் மிக அரிது. ஒரு பெயரை எழுதாமல் விடுவது, ஒருத்தியின் முற்றத்தையே அழிப்பதற்கு ஒப்பாகும்.

"வழக்கை ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஐயா. வாங்கிய பணத்தையும் உறுதிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வேறொருவரிடம் போவார். அவரிடம் தங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். எனக்கு மட்டுந்தான் தெரியும். யான் பேசாதிருப்பதா?"

யான் காந்தியடிகளைப் பற்றிச் சொன்னேன். தென்னாபிரிக்காவில் தாதா அப்துல்லா வழக்கிலே அவர் இரு தரப்பாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்ததையும், வென்ற தம் கட்சிக்காரரை எதிராளியிடமிருந்து தவணைமுறையிற் பணம் பெற இணக்கியதையும் எடுத்துரைத்தேன். மாணவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "அங்கே இரு தரப்பாரும் ஊரிலே இருந்தார்கள், ஐயா. இங்கே மற்றத் தரப்புக்கு வழக்கென்று ஒன்று வரப்போவதே தெரியாது," என்றார். ஆசிரியன் வாய் அடைத்துப்போன நேரங்களில் அதுவும் ஒன்று.

பின்பு இருவருமாகச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவைப் படித்தோம். கட்சிக்காரர் தொழின்முறையிற் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது. அக்கடமை தொழிலுறவு முடிந்தபின்னும் நீடிக்கும். சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றும்பொருட்டுச் சொல்லப்பட்டதற்கு மட்டும் அப்பாதுகாப்பு இல்லை. 'அப்படியாயின் நீர் பேசலாம்' என்றேன். அவர் தலையசைத்தார். "பாதுகாப்பு இல்லை என்பது வேறு, யானாகவே கடிதம் எழுதித் தங்கையைத் தேடிப்போவது வேறு. இன்று இவரைக் காட்டிக்கொடுத்தால், நாளை உண்மை சொல்ல என்னிடம் எவர் வருவார்? உண்மை சொல்லாத கட்சிக்காரருக்கு நல்ல புத்தி சொல்லவும் முடியாதே." யான் அதற்கு உடன்படவில்லை, இன்றும் முற்றாக உடன்படவில்லை. அந்தத் தங்கை என் மகளாயிருந்தால் என்ற எண்ணமே என்னை அலைத்தது. ஆயினும் அவர் தம் வசதிக்காக மௌனத்தை நாடவில்லை என்பதைக் கண்டேன். அன்றிரவு அவர் உணவருந்தாமலே சென்றார்.

இறுதியில் அவர் செய்தது ஒன்றுதான். அந்த அண்ணனுக்கு எழுத்திலே ஒரு கடிதம் அனுப்பினார். தங்கை உரித்தாளர் என்பது, அவளை மறைத்துப் பெறும் தீர்ப்பினால் வரக்கூடிய நட்டஈட்டு வழக்கு, பொய்ச் சத்தியத்தின் விளைவு ஆகியவற்றை அதிற் கூறி, பிரதியைத் தம் கோவையில் வைத்துக்கொண்டார். பதில் வரவில்லை.

ஏறக்குறைய ஓராண்டு சென்றது. மாணவர் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு வழக்குக்காக மன்றிலே காத்திருந்தபோது, அந்தக் காணி வழக்கு அழைக்கப்பட்டதாம். திறந்த மன்றிலே எல்லாருங் கேட்க வாசிக்கப்பட்டமையால் என்னிடம் சொல்வதில் தவறில்லை என்று முன்னுரை கூறியே தொடங்கினார். எதிராளிகளின் பெயர்களோடு அந்தத் தங்கையின் பெயரும், வெளிநாட்டு முகவரியோடு, வாசிக்கப்பட்டதாம்.

அண்ணன் மனம் மாறினாரா என்று ஆவலோடு கேட்டேன். "இல்லை, ஐயா. அவருடைய புதிய சட்டத்தரணி வயதானவர். பாகப்பிரிவினைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, வழக்கைப் பதிவுசெய்தபின் காணிப் பதிவேட்டின் பதிவுகளைச் சட்டத்தரணி நேரிற் பார்வையிட்டு, உரித்தாளர் எவரெவர் என்று தம் கையொப்பத்துடன் மன்றுக்கு உறுதிகூறவேண்டும் என்கிறது. கிளாக்கர் பார்த்துவந்து சொன்னதை நம்பிக் கையொப்பமிட்டு விடுவார்களோ என்றுதான் யான் அஞ்சினேன். அவர் தாமே காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கிறார். அரைநாள் இருந்து பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கிறார். நன்கொடை உறுதியின் பதிவு அங்கே இருந்திருக்கிறது."

அந்த முதிய சட்டத்தரணிக்குத் தங்கையின் கதை எதுவுந் தெரியாது. கட்சிக்காரர் மறைத்தார் என்பதும் அன்றுவரை அவருக்குத் தெரியாது. 12 ஆம் பிரிவு நேரிற் பார் என்றது. அவர் நேரிற் பார்த்தார். பதிவகத்திலே தூசிக்குள் இருந்தமையால் இரண்டு நாள் இருமிக்கொண்டிருந்தார் என்று மாணவர் சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை. நில அளவையாளர் வந்து வரைபடம் வரைந்து போயிருக்கிறாராம். கிணற்றுக்குப் போகும் வழியைத் தங்கையின் துண்டோடு சேர்ப்பதா, பொதுவில் விடுவதா என்பது இப்போதைய தகராறு.